மிஷின் வந்தாயிற்று, லைன் வந்ததா?

(வீட்டுப் பட்டறைகளின் மின் பாதுகாப்பு குறித்து வீராம்பட்டினம் மக்களுக்கான சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுச்சேரியின் வீராம்பட்டினக் கரைக்குக் கைவேலை புதிதல்ல. ஊரை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அவருக்குப் பின் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் ழான் மரி கசால், 1949ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயரைச் சேர்த்தார். கண்ணாடியை உருக்கி மணி செய்தவர்கள் வாழ்ந்த மண் அது. இன்றைக்கு அதே மண்ணில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறார்கள், நங்கூரத்துக்கு வெல்டிங் வைக்கிறார்கள், எஞ்சின் உட்காரும் இரும்புச் சட்டத்தை அறுத்துப் பொருத்துகிறார்கள். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் டவுனுக்குப் போய்ப் பட்டறை தேட வேண்டும். இப்போது தோளில் மாட்டித் தூக்கும் அளவுக்கு இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் கிடைக்கிறது. அறுக்கும் மிஷின், தேய்க்கும் மிஷின், கம்ப்ரஸர் எல்லாம் கடையில் தவணைக்குக்கூடக் கிடைக்கின்றன. வேலை வீட்டு வாசலுக்கும் பின்கட்டுக்கும் வந்துவிட்டது.

வீட்டு வயரிங் மட்டும் பழையபடியே இருக்கிறது. நாலு விளக்கும் இரண்டு ஃபேனும் ஒரு டிவியும் ஓடட்டும் என்று இழுத்த வயர் அது. அதிலிருந்துதான் வெல்டிங் மிஷினுக்கும் மின்சாரம் போகிறது. விபத்தின் வேர் பெரும்பாலும் மிஷினுக்குள் கிடையாது. மீட்டருக்கும் மிஷினுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சில மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே இந்தப் பேச்சு அந்த வழியைப் பற்றியது.

முதலில் கணக்கு. பட்டறைக்காரர்கள் ஏஜி-4 என்று சொல்லும், இரும்பைத் தேய்க்கும் சின்னக் கை மிஷின் 700 முதல் 850 வாட்; 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஏஜி-7 எடுத்தால் 2,000 வாட்டைத் தாண்டும். 9, 10 ஆம்பியர் இழுக்கும். இரும்புக் குழாய் அறுக்கும் 14 அங்குலக் கட்டிங் மிஷினும் அதே கணக்குத்தான். 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர் ஓடும்போது 10 ஆம்பியரைத் தொடும். கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும்.

வெல்டிங் இதற்கெல்லாம் மேல். ஒருவர் 3.15 எம்எம் ராடு போட்டு 100 ஆம்பியரில் ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராடு முனையில் தீ எரியும்போது அங்கே இருக்கும் வோல்டேஜ் சுமார் 24. அதாவது 2,400 வாட் வேலை நடக்கிறது. மிஷினுக்குள் சூடாக வீணாவதையும், பவர் ஃபேக்டர் குறைவையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரண இன்வெர்ட்டர் மிஷின் லைனிலிருந்து 17, 18 ஆம்பியர் எடுக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினாக இருந்தால் கதையே வேறு. ஒட்டாமல் சும்மா இருக்கும்போது அதன் ராடுப் பக்கத்து வோல்டேஜ் 80 என்றால், 100 ஆம்பியர் வெல்டிங்குக்கு 230 வோல்ட் லைனிலிருந்து கிட்டத்தட்ட 35 ஆம்பியர் போக வேண்டும்.

வீட்டில் இருப்பது என்ன? மிக்ஸி போடும் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. கீசர் போடும் பெரிய பாயின்ட் 16 ஆம்பியருக்கானது. 35 ஆம்பியருக்கு வீட்டில் எந்தப் பாயின்ட்டும் கிடையாது.

அதனால்தான் பல வாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்க முடிகிறது. மிஷினின் பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு வயர்களின் முனையைச் சீவி, சாக்கெட் துளைக்குள் செருகி, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சியை அடைக்கிறார்கள். மூன்றாவது வயரான பச்சை எர்த் வயர் வெளியே சுருட்டித் தொங்குகிறது. வேலை நடக்கிறது. பத்து முறை நடக்கும். உள்ளே செம்பும் பித்தளையும் உரசும் இடத்தில் சூடேறுவது வெளியே தெரியாது.

அந்தச் சூட்டுக்கும் கணக்கு உண்டு. ஆம்பியர் இரண்டு மடங்கானால் வயரில் எழும் சூடு நான்கு மடங்காகும். 1 எம்எம் வயரில் செய்த 30 மீட்டர் எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் செம்பு. தடை 1 ஓமுக்குச் சற்று மேல். அதில் 15 ஆம்பியர் ஓடினால் 16 வோல்ட் வழியிலேயே தொலையும். சுமார் 245 வாட் வயரிலேயே சூடாகும். அதே நீளத்துக்கு 2.5 எம்எம் வயர் போட்டால் இழப்பு 7 வோல்ட்டுக்குள், சூடு சுமார் 100 வாட். விரித்துக் கிடக்கும் வயர் அந்தச் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். சுற்றுச் சுற்றாக ரீலில் சுருண்டு கிடந்தால் சூடு வெளியேற வழியில்லை. உள்சுற்றில் பிவிசி உருகி இரண்டு செம்பும் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் ரீலை முழுக்க இழுத்து விரித்த பிறகே மிஷினைப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னும் மோசமானது தளர்ந்த முடிச்சு. வயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு முடிச்சில் அரை ஓம் தடை இருந்தால், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 112 வாட் எரிகிறது. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி நாலு அயர்ன்களை ஒரு விரல்நுனி இடத்தில் வைத்தது போல. கடற்கரை வீட்டில் இந்தத் தடை வேகமாக ஏறும். உப்புக் காற்று பட்டுச் செம்பிலும் பித்தளை பின்னிலும் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. கடலைவிட்டுத் தள்ளிய ஊரில் ஐந்து வருடம் தாங்கும் சாக்கெட் கடலோரத்தில் அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்பக் கூடாது. பிளக்கைப் பிடுங்கியதும் பின்னைப் புறங்கையால் அணுகிப் பாருங்கள். சூடு தெரிந்தால் சாக்கெட்டை அன்றைக்கே மாற்ற வேண்டும்.

“எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது, ஏதாவது ஆனால் ட்ரிப் ஆகிவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் உயிர் போகும் இடம் இதுதான்.

எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி 16ஐத் தாண்டிய உடனே விழுந்துவிடாது. தரநிலைப்படி, அதன் அளவைப் போல 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் ஓடினால், அது ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். இப்போது ஒரு கட்டிங் மிஷினின் உள்வயர் உரிந்து இரும்பு உடலைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் வயர் சரியாக இருக்கிறது. வீட்டு எர்த் பைப்பின் தடை 8 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம் என்றால் மொத்தம் 10 ஓம். 230ஐப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர். எம்சிபி ஒரு மணி நேரம் வரை பேசாமல் இருக்கலாம். அவ்வளவு நேரமும் மிஷினின் உடலில் 180 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எர்த்தும் இருந்தது, எம்சிபியும் இருந்தது. ஆனாலும் தொட்டவர் பிழைப்பது சந்தேகம்.

மனித உடல் எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தானாக முன்வந்தவர்களை வைத்து இதை அளந்தார். கையில் பிடித்ததை விட முடியாமல் தசை இறுகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை மில்லி ஆம்பியர். வியர்த்த உடலின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் அதில் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை எடுக்க அதில் பாதி போதும். ஆம்பியரில் சொன்னால் அது கால் ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சின்ன விளக்கு எரிவதற்குச் சமம், கண்டுகொள்ளாது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஆர்சிசிபி. பலர் பழைய பெயரில் இஎல்சிபி என்றே கேட்டு வாங்குகிறார்கள். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அந்த மின்சாரம் யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே இரண்டு வயரையும் துண்டிக்கும். கசிவு 30 மில்லி ஆம்பியரில் இருந்தால் 0.3 நொடிக்குள், 150 மில்லி ஆம்பியரில் இருந்தால் 0.04 நொடிக்குள் விழ வேண்டும் என்பது விதி. இதயம் ஒரு முறை துடித்து முடிக்கும் முன் மின்சாரம் நின்றுவிடும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கிச் சாவதைத் தடுக்க 1950களில் இந்தக் கருவியை வளர்த்தெடுத்தார்கள். டால்சீல் 1961ல் அமெரிக்க வீடுகளுக்கு ஏற்ற வடிவத்தைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2023ல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் என்ற அளவையே வரையறுக்கின்றன. விதி வந்துவிட்டது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2019 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் 12,000க்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றின் விலை ஒரு நல்ல கை மிஷினின் விலைக்குள் அடங்கும்.

ஆர்சிசிபியாலும் முடியாதவை உண்டு. அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும்; அது விழாது. அதிக ஆம்பியர் ஓடி வயர் சூடானாலும் விழாது. அதற்கு எம்சிபி வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ வேண்டும். எலக்ட்ரானிக் பலகை உள்ள இன்வெர்ட்டர் மிஷின்களுக்கு ஏசி வகையைவிட ஏ வகை ஆர்சிசிபி பொருத்தமானது. கடையில் வகையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்சிசிபி மாட்டிய சில வீடுகளில் வேறொரு பழக்கம் தொடங்குகிறது. மிஷினைப் போட்டதும் ட்ரிப் ஆகிறது என்று எர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். ட்ரிப் நின்றுவிடும். மிஷினில் இருந்த கசிவு அங்கேயே இருக்கும், அடுத்துத் தொடுபவரின் உடலுக்காகக் காத்துக்கொண்டு. ட்ரிப் ஆனால் மிஷினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், எர்த்தைப் பிரிக்கக் கூடாது. இதைவிடக் கொடியது நியூட்ரல் போன இடத்தில் எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்துவது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று அந்த வீட்டில் எர்த் கொடுத்த எல்லாவற்றின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும். வேலை செய்பவர் செருப்புப் போட்டுத் தப்பிப்பார். வெறுங்காலோடு பாத்திரம் தேய்க்கும் வீட்டம்மா மாட்டிக்கொள்வார்.

இனி எர்த். கடற்கரை மணலுக்கு இரண்டு முகம். மேலே காய்ந்து கிடக்கும் மணல் மின்சாரத்தைக் கடத்தாது. கீழே உப்புத் தண்ணீர் ஊறிய மண் நன்றாகக் கடத்தும். ஆகவே எர்த் பைப் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்க வேண்டும். இந்தியத் தரநிலை 3043 ஜிஐ பைப்புக்குச் சொல்லும் குறைந்தபட்ச நீளம் இரண்டரை மீட்டர். ஆனால் நன்றாகக் கடத்தும் அதே உப்பு மண் பைப்பை அரித்துத் தின்னும். வீடு கட்டியபோது போட்ட எர்த் இன்னும் இருக்கிறது என்று நினைத்துத் தோண்டிப் பார்த்தால் துருப்பொடி மட்டும் மிச்சம் இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, மண் காய்ந்திருக்கும் கோடையில், எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. குழாயைப் பிவிசிக்கு மாற்றிய நாளிலேயே அந்த எர்த் செத்துவிட்டது.

வெல்டிங் செய்பவர்களுக்குத் தனியாக இரண்டு சொல். மிஷினிலிருந்து வரும் ராடு வயரையும் கிளாம்ப் வயரையும் உங்கள் ஆர்சிசிபி பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் தனிச் சுற்று. ஒட்டாமல் சும்மா இருக்கும்போது ராடில் 60 முதல் 80 வோல்ட் நிற்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து ராடு மாற்றுபவரின் உயிரை எடுக்க அது போதும். காய்ந்த தோல் கையுறை, காலுக்குக் கீழே காய்ந்த பலகை, ராடு தொடாதபோது வோல்டேஜை இறக்கும் விஆர்டி வசதி ஆகிய மூன்றும் வேண்டும். இரண்டாவது, கிளாம்பை ஒட்டும் இரும்பிலேயே, ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். வீட்டுக் கம்பியிலோ கேட்டிலோ போட்டால் அந்த 100 ஆம்பியர் திரும்பும் வழி தேடி வீட்டு எர்த் வயருக்குள் பாயும். மெல்லிய எர்த் வயர் சுவருக்குள்ளேயே எரிந்து அறுந்துபோகும். அன்றிலிருந்து வீட்டில் எர்த் இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

ஃபைபர் வேலைக்காரர்களுக்கு ஒன்று. ரெசினில் உள்ள ஸ்டைரீன் 31 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடும்; புதுச்சேரியில் பெரும்பாலான பகல்கள் அதைத் தாண்டுகின்றன. பிரஷ் கழுவும் அசிட்டோனோ பூஜ்யத்துக்குக் கீழேகூடப் பற்றும். கை மிஷினுக்குள் சுழலும் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும்போது தீப்பொறி பறக்கிறது. காற்றுத் துளை வழியாக நீலமாகத் தெரியும். ரெசின் டப்பா திறந்திருக்கும் இடத்தில், மூடிய அறைக்குள், அந்த மிஷினை ஓட்டக் கூடாது. இரட்டை இன்சுலேஷன் மிஷின் என்பதற்கு அடையாளமாகச் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும். அதற்கு எர்த் பின் தேவையில்லை. ஆனாலும் உப்பு ஈரமும் இரும்புத் தூளும் உள்ளே படிந்தால் அந்த இன்சுலேஷனும் தோற்கும். அப்போது துணைக்கு நிற்பது ஆர்சிசிபிதான்.

புயலை மறந்து இந்த ஊரில் எதையும் பேச முடியாது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளத்தில் நனைந்த மிஷினை வெயிலில் காய வைத்து அப்படியே போடக் கூடாது. நல்ல தண்ணீரில் உப்பை அலசி, முழுதும் உலர்த்தி, மெக்கர் வைத்துப் பார்த்து, இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓமாவது காட்டினால்தான் பயன்படுத்தலாம். கரண்ட் இல்லாத நாளில் வாடகை ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகி ஓட்டுபவர்கள் இன்னொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 230 வோல்ட் மீட்டர் வழியே வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாக மாறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின்துறை ஊழியரைக் கொல்வது அதுதான். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் இணைப்பே கூடாது.

தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர்அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1ல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமமான இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழாவுக்காக நகர்த்திய இரும்பு ஏணி கம்பியில் உரசி 4 பேர் இறந்தார்கள். ஆடியில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும் இந்த ஊருக்கு இந்தப் பாடம் தொலைவில் இல்லை. நீண்ட இரும்புக் குழாயைத் தோளில் நிறுத்திக் கொண்டுபோகும் வெல்டருக்கும், அலுமினிய ஏணியை வண்டியில் ஏற்றுபவருக்கும் ஆபத்து அதேதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மிஷினின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் படித்து, வீட்டில் ஏற்கெனவே ஓடுவதோடு கூட்டிப் பாருங்கள். மின்துறை உங்களுக்கு அனுமதித்த லோடைத் தாண்டினால் லோடை உயர்த்த விண்ணப்பியுங்கள். கூலிக்குத் தொழிலாகச் செய்தால் இணைப்பின் வகையும் மாற வேண்டும். மெயின் போர்டிலிருந்து பட்டறைக்கென்று தனி லைன், உரிமம் பெற்ற வயர்மேன் கையால். இன்வெர்ட்டர் வெல்டிங்குக்கு 4 எம்எம் செம்பு வயர், அதற்கேற்ற 25 ஆம்பியர் சி வகை எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, தொழிற்சாலையில் போடும் பூட்டு பிளக்கும் சாக்கெட்டும். தூரம் கூடினால் வயரின் பருமனும் கூட வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினை வீட்டு லைனில் போடவே கூடாது.

எல்லாம் செய்தும் ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால், முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த மரக் கட்டையாலோ பிவிசி பைப்பாலோ தள்ளுங்கள், கையால் இழுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், வெல்டிங்கும் ஃபைபர் வேலையும் குவியும். அதற்கு முன் ஒரு நாளை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். வயர்மேனை அழைத்துத் தனி லைன் இழுங்கள், எர்த்தை அளந்து பாருங்கள், ஆர்சிசிபியை மாட்டுங்கள். மாட்டிய பிறகு அதில் டி என்று குறித்த சோதனைப் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது பழுது; அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி தீக்குச்சி அடைப்பதைப் பார்த்தால், அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.